கரையில் நின்று கப்பல் ஓட்டுவோம்
(வானொலியால் இயங்கும் பாய்மரக் கப்பல் மாதிரிக்கு உறுப்புகளைத் தேர்ந்தெடுக்கும் முறை)



அறிவியல் கண்காட்சி என்றதும் எரிமலை மாதிரியும் மின்மணியும் உங்கள் நினைவுக்கு வரும். இவ்வாண்டு அவற்றோடு ஒரு பாய்மரக் கப்பலையும் சேர்த்துக் கொண்டால் என்ன? மேசைமேல் நிற்கும் கப்பல் அன்று. குளத்தில் மிதந்து, காற்றை வாங்கி, கரையில் நிற்கும் உங்கள் கைக்குக் கட்டுப்பட்டு ஓடும் கப்பல். இதற்கு மரவேலை தெரிந்தால் மட்டும் போதாது. எந்த மோட்டார், எந்த மின்கலம், எந்த வானொலிக் கருவி என்று தேர்ந்தெடுக்கவும் தெரிய வேண்டும். கடைக்காரர் கொடுப்பதை வாங்கிப் பொருத்துவது ஒரு வழி; கணக்குப் போட்டுப் பார்த்து வாங்குவது மற்றொரு வழி. இரண்டாம் வழியையே இக்கட்டுரை கற்பிக்கிறது. பத்தாம் வகுப்பு இயற்பியலும் எண்கணிதமும் இதற்குப் போதும்.

சற்று வரலாறு

கம்பியில்லாமல் ஒரு படகை இயக்க முடியும் என்று 1898-ஆம் ஆண்டு நியூயார்க் நகரில் நிக்கோலா டெஸ்லா பொதுமக்கள் முன் செய்து காட்டினார். அதற்கும் முன்பே, 1895-இல், கல்கத்தாவில் ஜகதீச சந்திர போஸ் மின்காந்த அலைகளைக் கொண்டு தொலைவிலிருந்த மணியை ஒலிக்கச் செய்தார். போஸுக்கு இயற்பியலில் ஆர்வம் ஊட்டியவர் கல்கத்தா புனித சவேரியார் கல்லூரியில் அவருக்குக் கற்பித்த இயேசு சபைக் குரு லஃபோன் அடிகளார். 1876-இல் மகேந்திரலால் சர்க்கார் நிறுவிய இந்திய அறிவியல் வளர்ச்சிக் கழகத்துக்கும் இவ்வடிகளார் துணை நின்றார். பிற்காலத்தில் நம் சர் சி. வி. இராமன் ஆராய்ச்சி செய்தது அக்கழகத்தின் ஆய்வுக்கூடத்திலேதான். ஓர் ஆசிரியர் ஊன்றிய விதை எங்கெங்கோ முளைக்கிறது!

நாம் எடுத்துக்கொள்ளும் கப்பல்

கணக்குக்கு ஓர் உண்மைக் கப்பல் வேண்டும். இந்தியக் கடற்படையின் பயிற்சிக் கப்பலான ‘தரங்கிணி’யை எடுத்துக்கொள்வோம். பிரித்தானியக் கப்பல் வடிவமைப்பாளர் காலின் மூடி வரைந்த அமைப்பின்படி கோவா கப்பல் கட்டும் தளத்தில் இது கட்டப்பட்டது. 1995-இல் நீரில் இறங்கி, 1997-இல் கடற்படையில் சேர்ந்தது. 2003-04-இல் உலகைச் சுற்றி வந்தது. இதற்கு மூன்று பாய்மரங்கள். முன் மரத்திலும் நடு மரத்திலும் குறுக்கே பருமல்கள் என்னும் குறுக்குமரங்கள் உண்டு. அவற்றில் சதுரப் பாய்கள் தொங்கும். பின் மரத்தில் மட்டும் நெடுக்குவாட்டில் விரியும் பாய். காற்று இல்லாத வேளைக்கு, ஒவ்வொன்றும் சுமார் 320 குதிரைத்திறன் உடைய இரண்டு டீசல் எஞ்சின்களும் உண்டு.

கப்பலின் நீளம் 54 மீட்டர். அகலம் சுமார் 8.5 மீட்டர், எடை சுமார் 500 டன், பாய்களின் மொத்தப் பரப்பு சுமார் 1000 சதுர மீட்டர். இதனை ஐம்பதில் ஒரு பங்காகச் செய்வோம் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

நீளம் 50-ஆல் வகுபடும்: 108 சென்டிமீட்டர். அகலம் 17 சென்டிமீட்டர்.
பரப்பு 50 × 50 = 2500-ஆல் வகுபடும்: 0.4 சதுர மீட்டர்.
எடை 50 × 50 × 50 = 1,25,000-ஆல் வகுபடும்: 4 கிலோகிராம்.

இந்த 4 கிலோகிராம் என்பதே நம் வேலைக்கெல்லாம் அடிப்படை. மாதிரியின் எடை இதைத் தாண்டினால் கப்பல் கூடுதலாக அமிழும். குறைந்தால் தக்கைபோல் ஆடும். ஆகவே எந்த உறுப்பையும் வாங்குமுன் அதன் எடையைக் கேளுங்கள்.

முதற் சிக்கல்: கவிழாமல் நிற்றல்

அளவைச் சுருக்கலாம், ஆனால் காற்றைச் சுருக்க முடியாது. இதை நன்றாக மனத்திற் கொள்ளுங்கள்.

பக்கவாட்டில் வீசும் காற்று கப்பலைச் சாய்க்கிறது. சாய்க்கும் திருப்புத்திறன், காற்றின் விசையையும் அது செயல்படும் உயரத்தையும் பெருக்கினால் வருவது. விசை 2500 மடங்கு குறைகிறது. உயரம் 50 மடங்கு குறைகிறது. ஆக, சாய்க்கும் திறன் 1,25,000 மடங்கு குறைகிறது. நிமிர்த்தும் திறனோ எடையையும் அதன் நெம்புகோல் தூரத்தையும் பெருக்கினால் வருவது. எடை 1,25,000 மடங்கும், தூரம் 50 மடங்கும் குறைவதால், நிமிர்த்தும் திறன் 62,50,000 மடங்கு குறைந்துவிடுகிறது. அதாவது அதே காற்றில் மாதிரிக் கப்பல், பெரிய கப்பலைவிட ஐம்பது மடங்கு எளிதில் சாயும்! கண்ணாடிப் பெட்டிக்குள் அழகாக நிற்கும் மாதிரியைக் குளத்தில் விட்டால் உடனே கவிழ்வதற்குக் காரணம் இதுவே.

எவ்வளவு நிமிர்த்தும் திறன் வேண்டும் என்று பார்ப்போம். பாய்மேல் காற்றின் விசையை ஏறத்தாழ இவ்வாறு கணக்கிடலாம்:

விசை (நியூட்டன்) = 0.6 × காற்றின் வேகத்தின் வர்க்கம் × பாயின் பரப்பு

நொடிக்கு 4 மீட்டர் வேகமுள்ள இளங்காற்றில், 0.6 × 16 × 0.4 = 3.84 நியூட்டன். இது சுமார் 35 சென்டிமீட்டர் உயரத்தில் செயல்பட்டால் சாய்க்கும் திறன் சுமார் 1.34 நியூட்டன் மீட்டர். கப்பல் 20 பாகைக்கு மேல் சாயாதிருக்க, அதன் ஈர்ப்பு மையம் மிதப்பமையத்துக்கு (சாய்ந்த கப்பலைத் தாங்கும் நீரின் உந்துவிசைக் கோடு, கப்பலின் நடுக்கோட்டை வெட்டும் புள்ளிக்கு) ஏறத்தாழ 10 சென்டிமீட்டர் கீழே இருக்க வேண்டும். உண்மைக் கப்பலின் வடிவத்தை அப்படியே செய்தால் இவ்விடைவெளி 2 சென்டிமீட்டர் அளவே கிடைக்கும் என்று கொள்வோம். மீதி 8 சென்டிமீட்டரை எங்கே பெறுவது?

அடிப்பாரத்தைக் கீழே இறக்கிப் பெற வேண்டும். நம் 4 கிலோகிராமை இப்படிப் பங்கிடலாம்:

உடலும் தளமும் – 1000 கிராம்
பாய்மரம், பருமல், பாய், கயிறு – 350 கிராம்
வானொலி ஏற்பியும் செர்வோக்களும் – 300 கிராம்
மோட்டார், தண்டு, சுழல்விசிறி – 250 கிராம்
மின்கலங்கள் – 350 கிராம்
மீதி, ஈயக்கட்டி – 1750 கிராம்

இந்த 1750 கிராம் ஈயத்தை 18 சென்டிமீட்டர் கீழே இறக்கினால், மொத்த ஈர்ப்பு மையம் 18 × 1750 ÷ 4000, அதாவது ஏறத்தாழ 8 சென்டிமீட்டர் இறங்கும். ஆகவே அடிமரமாகிய ஏராவின் கீழ், கழற்றி மாட்டக்கூடிய ஒரு பலகையைத் தொங்கவிட்டு, அதன் முனையில் ஈயத்தைப் பொருத்துங்கள். கண்காட்சியில் வைக்கும்போது அதைக் கழற்றிவிடலாம். ஈயத்தை உருக்கும் வேலையை மாணவியர் செய்யலாகாது. அதன் ஆவி நச்சுடையது. கடையில் கிடைக்கும் ஈயக் குண்டுகளைப் பசையில் பதித்துக் கொள்வதே நல்லது. அவற்றைத் தொட்டபின் கைகளைச் சோப்புப் போட்டுக் கழுவுங்கள்.

பாயைத் திருப்பும் செர்வோ

செர்வோ என்பது ஒரு சிறு மோட்டாரும் பற்சக்கரங்களும் மின்சுற்றும் அடங்கிய பெட்டி. நீங்கள் கையிலுள்ள கோலை எவ்வளவு தள்ளுகிறீர்களோ, அவ்வளவுக்கு அதன் கை திரும்பி நிற்கும். அதன் வலிமையைக் ‘கிலோகிராம் சென்டிமீட்டர்’ என்ற அளவால் குறிப்பர். 3 கிலோகிராம் சென்டிமீட்டர் என்றால், அச்சிலிருந்து 1 சென்டிமீட்டர் தூரத்தில் 3 கிலோகிராமையும், 3 சென்டிமீட்டர் தூரத்தில் 1 கிலோகிராமையும் இழுக்கும் என்பது பொருள்.

ஒரே பெரிய நெடுக்குப் பாய் உள்ள பந்தயப் படகுக்கு வலிமை மிக்க செர்வோவோ, கயிற்றைச் சுற்றி இழுக்கும் உருளைச் செர்வோவோ வேண்டும். பாய் முழுவதும் பாய்மரத்தின் ஒரே பக்கத்தில் நிற்பதால், அதன் விசை முழுவதையும் தாமான் கயிறே தாங்க வேண்டியிருக்கிறது. சதுரப் பாய் அப்படியன்று. பருமல் நடுவில் தாங்கப்பட்டுத் தராசுக்கோல்போல் நிற்கிறது. இடப்பாதியின் விசையும் வலப்பாதியின் விசையும் பெரும்பாலும் ஒன்றையொன்று ஈடுசெய்கின்றன. பார்வைக்கு மிரட்டும் இந்தக் கப்பலைத் திருப்புவது எளிது என்பது வியப்பான உண்மை.

எண்ணிலும் பார்ப்போம். முன் மரத்தின் சதுரப் பாய்கள் 0.12 சதுர மீட்டர் என்போம். நொடிக்கு 6 மீட்டர் காற்றில் விசை 0.6 × 36 × 0.12 = 2.6 நியூட்டன், அதாவது சுமார் 265 கிராம் எடைக்குச் சமம். அழுத்த மையம் நடுவிலிருந்து 3 சென்டிமீட்டர் விலகினாலும் வேண்டிய திறன் 0.8 கிலோகிராம் சென்டிமீட்டரே. சாதாரண 3 கிலோகிராம் சென்டிமீட்டர் செர்வோ தாராளமாகப் போதும். ஆனால் காற்று இருமடங்கானால் விசை நான்கு மடங்காகும், அப்போது 3.2 வேண்டும், செர்வோ தோற்றுவிடும். அப்படிப்பட்ட நாளில் பெரிய செர்வோவைத் தேடாதீர்கள். கப்பலை வீட்டில் வையுங்கள்.

இழுகயிற்றின் நீளமும் முக்கியம். 30 சென்டிமீட்டர் நீளமுள்ள பருமலின் முனையில் கயிற்றைக் கட்டினால், பருமல் 40 பாகை திரும்ப முனை 10 சென்டிமீட்டர் அளவு நகர வேண்டும். 4 சென்டிமீட்டர் கையுள்ள செர்வோவால் இது முடியாது. எனவே செர்வோவின் கை எவ்வளவு நீளமோ, பாய்மரத்திலிருந்து அவ்வளவு தூரத்திலேயே பருமலின் இருபுறமும் கயிறுகளைக் கட்டுங்கள். இரண்டும் சேர்ந்து ஓர் இணைகரமாகி, செர்வோ திரும்பும் கோணமே பருமலும் திரும்பும். முனையில் அழகுக்காகக் கட்டும் கயிறுகளைத் தொய்வாக விடுங்கள்.

எத்தனை வழித்தடங்கள்?

சுக்கானுக்கு ஒன்று, முன் மரத்துப் பருமல்களுக்கு ஒன்று, நடு மரத்துக்கு ஒன்று, பின் பாய்க்கு ஒன்று, மோட்டாருக்கு ஒன்று. ஆக ஐந்து. கடையில் கிடைக்கும் ஆறு வழித்தடக் கருவி நமக்குப் பொருந்தும்.

‘முன் மரத்தையும் நடு மரத்தையும் ஒரே செர்வோவில் கட்டினால் பணம் மிச்சமாகுமே’ என்று கேட்கலாம். கூடாது. காற்றை எதிர்த்துக் கப்பலின் முகத்தைத் திருப்பும்போது, முன் பாய்கள் பின்னோக்கி நின்று அணியத்தைத் தள்ளிக்கொடுக்க வேண்டும். அதற்குள் நடு மரத்துப் பருமல்கள் மறுபக்கம் திரும்பிவிட வேண்டும். முகம் திரும்பியபின்தான் முன் பருமல்களைத் திருப்புவது. கடலோடிகள் நூற்றாண்டுகளாகச் செய்துவரும் முறை இது. இரண்டையும் ஒன்றாகக் கட்டினால் கப்பல் காற்றுக்கு முகம் கொடுத்துப் பாதியில் நின்றுவிடும்.

வானொலிக் கருவி

முன்பு 27 மெகாஹெர்ட்ஸ் போன்ற அலைகளில் இயங்கிய கருவிகளில் படிகத்தை மாற்றி மாற்றிப் பொருத்துவர். இருவர் ஒரே அலையில் இயக்கினால் ஒருவர் கப்பல் மற்றவர் சொல் கேட்கும்! இன்றைய கருவிகள் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலையில் இயங்குகின்றன. பரப்பியும் ஏற்பியும் முதலில் தமக்குள் அறிமுகம் செய்துகொள்வதால் ஒன்றோடொன்று குழம்புவதில்லை. குறைந்த ஆற்றலில் இவ்வலையைப் பயன்படுத்த நம் நாட்டில் உரிமம் வேண்டியதில்லை.

இவ்வலையின் நீளம் 12.5 சென்டிமீட்டர். இதற்கு ஒரு குறை உண்டு: தண்ணீர் இதனை உறிஞ்சிவிடும். ஆகவே ஏற்பியின் வானலைக் கம்பி நீர்மட்டத்துக்கு மேலே, தளத்தை ஒட்டி, உலோகத்தையும் மின்கலத்தையும் விட்டு விலகி நிற்க வேண்டும். உடலின் அடியில் ஏற்பியை வைத்தால் அருகில் நன்றாக வேலை செய்யும். தொலைவு போனதும் கேட்காது.

தொடர்பு அறுந்தால் கப்பல் என்ன செய்ய வேண்டும் என்பதை முன்கூட்டியே பதிவு செய்யும் வசதி உள்ள கருவியாக வாங்குங்கள். மோட்டார் நிற்கவும், பின் பாய் தளரவும், சுக்கான் ஒருபுறம் திரும்பவும் பதிவு செய்யுங்கள். அப்போது கப்பல் ஓடிப்போகாமல் ஒரே இடத்தில் வட்டமிடும்.

மோட்டாரும் சுழல்விசிறியும்

‘பாய்மரக் கப்பலுக்கு மோட்டார் எதற்கு?’ சதுரப் பாய்க் கப்பல் காற்றுக்கு எதிராக நெருங்கி ஓடாது. காற்று வரும் திசையிலிருந்து ஏறத்தாழ 60 பாகைக்கு மேல் விலகியே செல்லும். காற்று விழுந்துவிட்டால் குளத்தின் நடுவில் நின்றுவிடும். அப்போது அதை மீட்க யாராவது நீரில் இறங்கத் துணிவர். இதைத் தடுக்கவே மோட்டார்.

எவ்வளவு ஆற்றல் வேண்டும்? இரண்டு எஞ்சின்களும் சேர்ந்து 640 குதிரைத்திறன். அதாவது சுமார் 4,77,000 வாட். ஆற்றல் என்பது விசையும் வேகமும் பெருகி வருவது. விசை 1,25,000 மடங்கு குறையும். வேகமோ 50-இன் வர்க்கமூலமாகிய 7.07 மடங்கே குறைய வேண்டும். அப்போதுதான் மாதிரி எழுப்பும் அலை, பெரிய கப்பலின் அலையைப் போல் தோன்றும். (பெரிய கப்பல் 10 நாட் வேகத்தில் சென்றால் மாதிரி நொடிக்கு 0.73 மீட்டர் செல்லும். மெல்ல நடப்பவர் வேகம்.) ஆக, ஆற்றல் சுமார் 8,84,000 மடங்கு குறைந்து, அரை வாட்டுக்குச் சற்று மேல் வருகிறது. சிறிய சுழல்விசிறியிலும் தண்டிலும் பெரும்பகுதி வீணாகும். பத்து மடங்கு வைத்துக்கொண்டாலும் 5 வாட்! 7.2 வோல்ட்டில் இது 0.7 ஆம்பியர்தான்.

ஆகவே பந்தயப் படகின் மோட்டார் நமக்கு வேண்டாம். மெதுவாகச் சுழலும் சிறு மோட்டாரும், 35 மில்லிமீட்டர் அளவுள்ள சுழல்விசிறியும் போதும். விசிறி பெரிதானால் பாயில் ஓடும்போது நீரில் தடையாக நிற்கும். விசிறி சுக்கானுக்கு நேர் முன்னே இருக்கட்டும். அது தள்ளும் நீர் சுக்கானில் படும்போது கப்பல் நன்றாகத் திரும்பும். தண்டு செல்லும் குழாயில் கிரீஸ் நிரப்பினால் நீர் உள்ளே வராது.

வேகக்கட்டுப்பாட்டுக் கருவி முன்னும் பின்னும் இயக்கக்கூடியதாக இருக்க வேண்டும். விமானத்துக்கானது பெரும்பாலும் பின்னோக்கி இயக்காது. ஆகாயத்தாமரைத் தண்டு விசிறியில் சிக்கினால் மோட்டார் நின்று, மின்னோட்டம் பலமடங்கு ஏறும். அந்த மின்னோட்டத்தைத் தாங்கும் கருவியையே வாங்குங்கள். மின்கலத்தை அடுத்து ஓர் உருகுகம்பியையும் பொருத்துங்கள்.

மின்கலங்கள்

மிக லேசான லித்தியம் பாலிமர் மின்கலங்கள் கிடைக்கின்றன. ஆனால் அடிபட்டாலும் தவறாக மின்னேற்றினாலும் அவை தீப்பிடிக்கும். நமக்கோ எடை குறைவது தேவையில்லை. எப்படியும் ஈயம் வைக்கத்தானே போகிறோம்! ஆகவே நிக்கல் உலோக ஹைட்ரைடு மின்கலங்களே நமக்கு ஏற்றவை. ஒவ்வொன்றும் 1.2 வோல்ட். ஏற்பிக்கும் செர்வோக்களுக்கும் ஐந்து (6 வோல்ட்), மோட்டாருக்குத் தனியே ஆறு (7.2 வோல்ட்). மோட்டார் மின்கலம் தீர்ந்துபோனாலும் சுக்கானும் பாயும் நம் கையில் இருக்கும்.

ஒன்றைக் கவனியுங்கள். பல வேகக்கட்டுப்பாட்டுக் கருவிகள் ஏற்பிக்குத் தாமே மின்சாரம் அனுப்பும். ஏற்பிக்குத் தனி மின்கலம் வைத்தால், அக்கருவியிலிருந்து ஏற்பிக்குச் செல்லும் சிவப்புக் கம்பியைக் கழற்றிக் காப்பிட வேண்டும்.

எவ்வளவு நேரம் ஓடும்? நான்கு செர்வோக்களும் சராசரி 400 மில்லி ஆம்பியர் எடுத்தால், 2000 மில்லி ஆம்பியர் மணி மின்கலம் 5 மணி நேரம் வரும். மூன்றில் இரு பங்கை மட்டும் நம்புங்கள். மூன்று மணி நேரத்துக்குள் கரைக்குக் கொண்டுவாருங்கள்.

நீரில் விடுமுன்

1. முதலில் பரப்பியை இயக்கி, பிறகு ஏற்பியை இயக்குங்கள். நிறுத்தும்போது முதலில் ஏற்பி, பிறகு பரப்பி.
2. தொட்டியில் மிதக்கவிட்டு நீர்க்கசிவு பாருங்கள்.
3. கையால் 20 பாகை சாய்த்து விடுங்கள். தானே நிமிர வேண்டும்.
4. பரப்பியை அணைத்து, மோட்டார் நிற்கிறதா என்று பாருங்கள்.
5. குளத்தில் முதல் ஓட்டம் கரையோரமாக, ஆசிரியையோ பெற்றோரோ அருகிருக்க நடைபெறட்டும்.
6. கப்பல் சிக்கிக்கொண்டால் காத்திருங்கள், அல்லது நீண்ட நூலில் பந்தைக் கட்டி எறிந்து இழுங்கள். எவ்வளவு உழைத்துச் செய்த கப்பலானாலும் அதற்காக ஒருவரும் நீரில் இறங்கக் கூடாது. நீந்தத் தெரிந்தவர்களுக்கும் இதுவே விதி.

முடிவாக

இது ஆண்பிள்ளைகளின் பொழுதுபோக்கு என்று யாரேனும் சொன்னால், 2017-18-இல் ‘தாரிணி’ என்ற பாய்மரப் படகில் உலகைச் சுற்றிய ஆறு இந்தியக் கடற்படைப் பெண் அதிகாரிகளைச் சொல்லுங்கள். அதே படகில் 2024-25-இல் இருவராகவே உலகைச் சுற்றி வந்த லெப்டினன்ட் கமாண்டர்கள் தில்னாவையும் ரூபாவையும் சொல்லுங்கள். ரூபா புதுச்சேரிப் பெண். அவர்களும் புறப்படுமுன் எடை, காற்று, மின்கலம், கயிறு என்று ஒவ்வொன்றாகக் கணக்குப் பார்த்தவர்களே. கடலின் விண்மீனாகிய அன்னை மரியிடம் காவல் வேண்டிப் புறப்படும் நம் கடற்கரை மக்களும் பாயையும் கயிற்றையும் சோதிக்காமல் புறப்படுவதில்லை. செபமும் வேண்டும், கணக்கும் வேண்டும்.

பயிற்சி வினாக்கள்

1. இதே கப்பலை நூறில் ஒரு பங்காகச் செய்தால் மாதிரியின் எடை எவ்வளவு? அதில் வானொலி உறுப்புகளுக்கு இடமுண்டா?
2. காற்றின் வேகம் நொடிக்கு 4 மீட்டரிலிருந்து 5 மீட்டராக உயர்ந்தால் பாய்களின் மேல் விசை எத்தனை விழுக்காடு கூடும்?
3. மின்கலங்களைத் தளத்துக்கு அருகில் வைக்காமல் அடியில் வைப்பது ஏன்?
4. ஏற்பியை அடியில் வைக்காமல் மேலே வைப்பது ஏன்?

(விடைகள்: 1. அரை கிலோகிராம், உறுப்புகளே அதைத் தாண்டிவிடும். 2. ஏறத்தாழ 56 விழுக்காடு. 3, 4 – கட்டுரையில் தேடிக் காண்க.)